பதினான்கு இடத்தில் மௌனம்

ஜூன் 4

அத்தைக்கு,

நான் உங்களுக்கு எழுதுவது அப்பாவுக்குத் தெரியாது. அம்மாவுக்கும் தெரியாது. எழுத்து கோணலாக இருந்தால் மன்னித்துக்கொள்ளுங்கள். சாப்பாட்டு மேசை இன்னும் ஆடிக்கொண்டுதான் இருக்கிறது. அப்பா இரண்டு வருடமாக ‘நாளைக்குச் சரி பண்றேன்’ என்கிறார். விளக்கைப் போட்டால் அவர் அறைக் கதவுக்கு அடியில் வெளிச்சம் தெரியும் என்று தெருவிளக்கு வெளிச்சத்தில் எழுதுகிறேன். தாள் டிப்போ தாள். பின்பக்கம் தாமதமாக வந்த பஸ்களின் பட்டியல் இருக்கும், அதைப் படிக்க வேண்டாம்.

பள்ளிக்கூடத்திலிருந்து சுண்டுவுக்கு ஒரு படிவம் வந்திருக்கிறது. அதோடு நீங்கள் எழுதிய அறிவுச் சோதனை அறிக்கையின் நகலும் இருக்கிறது. உங்கள் கையெழுத்தைப் பார்த்தேன். எழுபத்தொன்று என்று போட்டிருக்கிறீர்கள். எழுபத்தைந்துக்குக் கீழே இருக்கிற பிள்ளைகளை எங்கள் பள்ளியில் வைத்துக்கொள்ள மாட்டார்களாம். தனிப் பயிற்சிப் பள்ளி ஒன்று இருக்கிறது, பஸ்ஸில் நான்கு மணி நேரம். அங்கேயே தங்க வேண்டும். மாதம் ஒரு தடவை வீட்டுக்கு வரலாம். ஜூலை பத்தாம் தேதிக்குள் அப்பா கையெழுத்துப் போட வேண்டும். படிவம் கடிகாரத்துக்கு அடியில் செருகியிருக்கிறது. மணி பார்க்கும்போதெல்லாம் கண்ணில் படுகிறது.

சுண்டுவுக்கு எட்டு வயது. என் பாவாடையைப் பிடித்துக்கொண்டுதான் இன்னும் தூங்குகிறாள். அவள் அங்கே போய் யாருடைய பாவாடையைப் பிடிப்பாள்?

நீங்கள் எண்ணை மாற்றி எழுத முடியுமா? ஐந்து கூட்டினால் போதும். எனக்கு 128 போட்டீர்களே, அதிலிருந்து எடுத்துக்கொள்ளுங்கள். எனக்கு அவ்வளவு தேவைப்படாது.

சண்டைக்கு அப்புறம் உங்கள் பெயரை யாராவது எடுத்தால் அப்பா ரேடியோவைச் சத்தமாக வைத்துவிடுகிறார். அம்மா ஆஸ்பத்திரிச் சலவைக்கூடத்திலிருந்து வந்து உட்கார்ந்தபடியே தூங்கிவிடுகிறாள். அதனால்தான் உங்களிடம் கேட்கிறேன். பதிலை வீட்டுக்குப் போடாதீர்கள். பள்ளிக்கு எதிரே இருக்கிற நகல் கடை முகவரியைக் கீழே எழுதியிருக்கிறேன். கடை அக்கா யாரிடமும் சொல்ல மாட்டார். ‘நான் தபால் பெட்டி மாதிரி. வாய் இருக்கும், பேசாது’ என்றார்.

உங்கள் கொக்கு


ஜூன் 9

கொக்குக்கு,

உன் கடிதம் வந்தது. இன்று ஆறு பிள்ளைகளைச் சோதித்துவிட்டு வந்திருக்கிறேன். ஆறு அறிக்கைகள் எழுத வேண்டும். அதனால் சுருக்கமாக எழுதுகிறேன், கோபமாக எழுதுகிறேன் என்று நினைக்காதே.

எண்ணை மாற்ற முடியாது.

இதையே உங்கப்பாவும் கேட்டார். சண்டை அதனால்தான் வந்தது. உனக்கு வேறு மாதிரி சொல்லியிருப்பார்கள். எங்கள் அலுவலகத்தில் முறைப்படி வந்தால் நான்கு மாதம் காத்திருக்க வேண்டும் என்றதும், “வெளியாள் எதுக்கு, நீயே வந்து பாரேன்” என்று கூப்பிட்டவர் அவர்தான். சோதனைப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு லீவு நாளில் வந்தேன். எண்ணைச் சொன்னதும், “கூடப் பொறந்தவனுக்கு ஒரு பத்து கூட்டிப் போட மாட்டியா?” என்றார். மாட்டேன் என்றேன். “அப்ப நீ எதுக்கு அத்தை?” என்றார். அதற்கு மேல் அங்கே உட்கார முடியவில்லை. உங்கம்மா தட்டில் போட்ட சாப்பாடு அப்படியே இருந்தது.

நிறுக்கிறவள் தராசில் விரலை வைக்கக் கூடாது. இருபத்திரண்டு வருடமாக நான் வைத்ததில்லை. அண்ணன் மகளுக்காக ஒரு தடவை வைத்தால், இதுவரை நிறுத்ததெல்லாம் பொய்யாகிவிடும்.

அந்தப் பள்ளி மோசமான இடம் இல்லை. போய்ப் பார்த்திருக்கிறேன். சுத்தமாக இருக்கிறது.

இனி எழுதாதே. உங்கப்பாவுக்குத் தெரிந்தால் அடி உனக்குத்தான். போய்த் தூங்கு.

அத்தை


ஜூன் 13

அத்தைக்கு,

எழுதாதே என்றீர்கள். எழுதுகிறேன். பயமாகத்தான் இருக்கிறது. இப்போதுகூட அப்பா இருமினார், பேனாவை வாயில் கவ்விக்கொண்டு மேசைக்கு அடியில் போய்விட்டேன். வாயெல்லாம் மை.

சுத்தமாக இருக்கிறது என்று எழுதியிருந்தீர்கள். அம்மா வேலை செய்கிற சலவைக்கூடமும் சுத்தமாகத்தான் இருக்கிறது. யாரும் அங்கே குடியிருப்பதில்லை.

நான் ஒரு விஷயம் கேட்கிறேன். எழுபத்தொன்று என்பது எது? எங்கள் அறிவியல் டீச்சர், மூளை ஒன்றரை கிலோ இருக்கும் என்றார். அதில் எழுபத்தொன்று எங்கே இருக்கிறது? எல்லாருக்கும் ஒரே அறிவு கூடக்குறைய இருக்கிறதா, இல்லை ஒவ்வொருவருக்கும் வேறு வேறு அறிவா? டீச்சரிடம் கேட்டேன். பாடத்தில் இல்லாததைக் கேட்காதே என்றார்.

சுண்டுவைப் பற்றி உங்கள் அறிக்கையில் இல்லாத சிலது எனக்குத் தெரியும். படிக்கட்டில் யார் வருகிறார்கள் என்று காலடியைக் கேட்டே சொல்வாள். அப்பா கோபமாக வருகிறாரா, களைப்பாக வருகிறாரா என்பதையும் சொல்வாள். அதை வைத்துத்தான் நான் புத்தகத்தை எடுப்பதா பாத்திரம் கழுவப் போவதா என்று முடிவு செய்வேன். அப்பா கிறுக்கி விளையாடச் சொல்லி டிப்போவிலிருந்து பழைய டிக்கெட்டுகளைக் கொண்டுவருவார் இல்லையா, அவற்றை அவள் பிரித்து அடுக்கியிருக்கிறாள். ஊர் வாரியாக இல்லை, நிறம் வாரியாகவும் இல்லை. எப்படி என்று கேட்டேன். “இது சும்மா மடிச்சவங்க. இது காத்துக்கிட்டே இருந்து சுருட்டினவங்க. இது கோவத்துல கசக்கினவங்க” என்றாள். நான் மறுபடி எல்லாவற்றையும் கலைத்துக் கொடுத்தேன். அதே மாதிரி அடுக்கினாள்.

நீங்கள் சோதித்த அன்று நான் சமையலறையில் குழாயை மூடிவிட்டுக் கேட்டுக்கொண்டிருந்தேன். தப்புதான். மழைக்கும் குளிப்பதற்கும் என்ன ஒற்றுமை என்று கேட்டீர்கள். அவள், “ரெண்டுலயும் அழுதா யாருக்கும் தெரியாது” என்றாள். அதற்கு எத்தனை மதிப்பெண் போட்டீர்கள்?

அப்புறம் அவள் பேசவே இல்லை. எனக்குத் தெரியும், அவள் பயந்துவிட்டாள். எதற்கு என்றுதான் தெரியவில்லை. என்னைச் சோதித்தபோது எனக்கும் பயம்தான். நான் பயந்தால் நிறையப் பேசுவேன். அவள் பயந்தால் வாயை மூடிக்கொள்வாள். எங்கள் இரண்டு பேருக்கும் நடுவில் அவ்வளவுதான் வித்தியாசம் என்று நினைக்கிறேன். நீங்கள் ஐம்பத்தேழு என்கிறீர்கள்.

கொக்கு


ஜூன் 17

கொக்குக்கு,

எனக்கு வேலை கொடுத்தவர்கள்கூட இப்படிக் கேட்டதில்லை. பதில் எழுதாமல் விட்டுவிடலாம் என்றுதான் பார்த்தேன். பஸ்ஸில் போகும்போதும் வரும்போதும் உன் ஒன்றரை கிலோ கூடவே வந்தது.

எனக்குத் தெரிந்ததைச் சொல்கிறேன். அறிவை ஆராய்ந்தவர்களில் ஒரு கட்சிக்காரர்கள், எல்லாத் திறமைக்கும் அடியில் ஒரே ஊற்று என்றார்கள். கணக்கில் தேறுகிற பிள்ளை பெரும்பாலும் சொல்லிலும் தேறுகிறது, கட்டைகளை அடுக்குவதிலும் தேறுகிறது, அதுவே சாட்சி என்றார்கள். எங்கள் பெட்டி இவர்களை நம்பிச் செய்தது. இன்னொரு கட்சிக்காரர்கள், ஊற்று ஒன்றில்லை, தனித்தனிக் கிணறு என்றார்கள். பாட்டுக்கு ஒன்று, உடம்பை ஆட்டுவிப்பதற்கு ஒன்று, அடுத்தவர் மனசைப் படிப்பதற்கு ஒன்று. உன் தங்கை டிக்கெட் அடுக்குவதைப் பார்த்தால் அவர்கள் சந்தோஷப்படுவார்கள். ஆனால் அந்தக் கிணற்றுக்கெல்லாம் சரியான கயிறும் வாளியும் இன்னும் யாரும் செய்து தரவில்லை. வேறு ஒருவர் இரண்டாகப் பிரித்தார். புதிதாக ஒன்றைப் பார்த்து யோசிக்கிற சக்தி ஒன்று, சேர்த்துவைத்தது இன்னொன்று. முதலாவது வயதானால் வடிந்துவிடும். எனக்கு வடிந்துவிட்டது. இப்போது சேர்த்துவைத்ததை வைத்துத்தான் ஓட்டுகிறேன்.

முதன்முதலில் இப்படி ஒரு சோதனையைச் செய்தவர், எந்தப் பிள்ளைக்குப் பள்ளியில் கூடுதல் உதவி வேண்டும் என்று கண்டுபிடிக்கத்தான் செய்தார். நூறு வருடத்துக்கு மேல் ஆகிறது. உதவி வழியில் எங்கேயோ இறங்கிவிட்டது. எண் மட்டும் இருக்கையில் உட்கார்ந்து வந்துகொண்டிருக்கிறது.

எழுபத்தொன்று என்றால் எழுபத்தொன்று இல்லை. அறுபத்தாறுக்கும் எழுபத்தாறுக்கும் நடுவில் எங்கோ என்று அர்த்தம். அறிக்கையில் மூன்றாம் பக்கத்தில் அப்படித்தான் எழுதியிருக்கிறேன். அந்த வரியை யாரும் படிப்பதில்லை. எழுதுகிற நானே படித்துப் பல வருடமாகிறது.

மழைக் கேள்விக்கு வருகிறேன். கையேட்டில் ‘இரண்டிலும் தண்ணீர்’ என்றால் முழு மதிப்பெண். ‘இரண்டிலும் நனைவோம்’ என்றால் பாதி. உன் தங்கை சொன்னது எந்தப் பட்டியலிலும் இல்லை. இல்லாவிட்டால் பிள்ளையை மறுபடி ஒரு முறை கேட்க வேண்டும் என்பது விதி. கேட்டேன். அவள் வாயைத் திறக்கவில்லை. மதிப்பெண் பூஜ்யம்.

இதே சோதனையை ஒரு வருடத்துக்குள் திரும்பச் செய்தால் செல்லாது. வேறு கேள்விகள் உள்ள மாற்றுச் சோதனை உண்டு. ஆனால் முதல் சோதனை தவறு என்று, செய்தவரே காரணம் சொல்லி எழுதிக் கொடுக்க வேண்டும். எழுத எனக்குக் காரணம் இல்லை, கொக்கு. எல்லாவற்றையும் விதிப்படிதான் செய்தேன்.

அத்தை


ஜூன் 20

அத்தைக்கு,

உங்கள் கடிதத்தை மூன்று தடவை படித்தேன். கயிறு, வாளி வரைக்கும் புரிந்தது. அப்புறம் அழுகை வந்துவிட்டது.

நேற்று நடந்ததைச் சொல்கிறேன். சாப்பிடும்போது சுண்டு, “அப்பா, உங்க கடிகாரம் ரெண்டு நிமிஷம் லேட்டா ஓடுது” என்றாள். டிப்போவில் எல்லா பஸ்ஸுக்கும் நேரம் எழுதுகிறவரிடம் போய் இதைச் சொல்கிறாள். நான் மேசைக்கு அடியில் அவள் காலை மிதித்தேன். அப்பா தட்டிலிருந்து தலையைத் தூக்காமல், “எங்க, இன்னொரு தடவ சொல்லு பாப்போம்” என்றார். வழக்கமாக அவர் சொல்வதுதான். அவள் அப்படியே உறைந்துவிட்டாள். வாயில் இருந்ததை விழுங்கக்கூட இல்லை. அம்மாதான் தண்ணீர் கொடுத்தாள்.

எல்லாரும் படுத்த பிறகு நான் இங்கே வந்து உட்காரலாம் என்று எழுந்தேன். கூடத்தில் அப்பா நின்றுகொண்டிருந்தார். ரேடியோவைக் காதோடு ஒட்டி வைத்து மணி சொல்வதைக் கேட்டார். அப்புறம் கடிகாரத்தை எடுத்து முள்ளை இரண்டு நிமிடம் முன்னால் தள்ளி வைத்தார். சுண்டு சொன்னது சரி. அதைச் சொல்லத்தான் இதை எழுதினேன்.

இன்னொன்று. கேட்கவே பயமாக இருக்கிறது. உங்கள் அறிக்கையின் கடைசிப் பக்கத்தில், ‘சோதிப்பவருக்கும் குழந்தைக்கும் உறவு’ என்று ஒரு வரி அச்சடித்திருக்கிறது. எதிரே ‘இல்லை’ என்று எழுதியிருக்கிறீர்கள். நீங்கள் எங்கள் அத்தைதானே? அது காரணம் ஆகாதா? தப்பாகக் கேட்டிருந்தால் இந்தக் கடிதத்தைக் கிழித்துவிடுங்கள்.

கொக்கு


ஜூன் 24

கொக்குக்கு,

உன் கடிதம் வந்து இரண்டு நாளாகிறது. நேற்று உடம்பு சரியில்லை என்று சொல்லிவிட்டு வீட்டில் இருந்தேன். சுண்டுவின் விடைத்தாளை எடுத்து வைத்துக்கொண்டு பார்த்தேன்.

உறவு இருக்கிற வரியைப் பற்றி நீ கேட்டாய். அது பொய். உறவுக்காரர் சோதிக்கக் கூடாது என்பது எங்களுக்கு முதல் விதி. உங்கப்பா கேட்டபோது முடியாது என்று சொல்லத் தெரியவில்லை. பெட்டியைத் தூக்கும்போதே விரலைத் தராசில் வைத்துவிட்டுத்தான் வந்திருக்கிறேன். உனக்கு அறிவுரை எழுதிய கை அது.

ஆனால் என்னைப் படுக்க வைத்தது அது இல்லை. கடிகாரக் கதைதான்.

ஒரு பிள்ளையின் பதில் தெளிவாக இல்லையென்றால் மறுபடி கேட்க வேண்டும் என்றேன் இல்லையா, எந்தச் சொல்லில் கேட்பது என்று கையேட்டிலேயே அச்சடித்திருக்கிறது. அதற்கு மேல் ஒரு எழுத்துகூட மாற்றிச் சொல்லக் கூடாது. அந்த வாக்கியம் இதுதான்: ‘இன்னொரு தடவை சொல்லு, பார்ப்போம்.’

இருபத்திரண்டு வருடத்தில் எத்தனை ஆயிரம் தடவை சொல்லியிருப்பேன். அன்பாகத்தான் சொல்வேன். மற்ற பிள்ளைகள் அதைக் கேட்டு இன்னும் கொஞ்சம் சொல்வார்கள். உங்கள் வீட்டில் அதற்கு என்ன அர்த்தம் என்று உன் கடிதத்தைப் படித்த பிறகுதான் எனக்கு உறைத்தது. இன்னொரு தடவை சொன்னால் என்ன நடக்கும் தெரியுமா என்று அர்த்தம். வாயை மூடு என்று அர்த்தம்.

இது எனக்குத் தெரியாமல் இருந்தால்கூட மன்னிக்கலாம். உங்கப்பா அதைக் கடையில் வாங்கவில்லை. எங்கப்பாவிடமிருந்து வாங்கினார். கதவுக்குப் பின்னால் ஆணியில் பெல்ட் தொங்கும். அவர் அதன் பக்கம் பார்க்காமல், தட்டையே பார்த்துக்கொண்டு, இதே நாலு சொல்லைச் சொல்வார். உங்கப்பாவுக்கும் எனக்கும் நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொள்ளும். ஒரு நாள் உங்கப்பா எனக்காக இன்னொரு தடவை சொன்னார். அவர் முதுகில் இருக்கிற தழும்பை நீ பார்த்திருப்பாய். சைக்கிளிலிருந்து விழுந்தது என்பார்.

வேலையில் சேர்ந்து முதல் மாதம் அந்த வாக்கியத்தைச் சொல்ல எனக்கே வாய் வரவில்லை. அப்புறம் பழகிவிட்டது. பழகினால் எதுவும் பழகிவிடும்.

விடைத்தாளை எண்ணிப் பார்த்தேன். பதினான்கு இடத்தில் ‘மௌனம்’ என்று எழுதியிருக்கிறேன். பதினான்கிலும் அதற்கு முந்தைய வரி நான் சொன்ன அந்த வாக்கியம். முதல் மௌனத்துக்கு முன்னால் அவள் பேசியதுதான் மழை.

என் அலுவலகத்துக்கு எழுதிவிட்டேன். உறவையும் எழுதினேன், வாக்கியத்தையும் எழுதினேன். கடைசித் தேதி நெருங்கிவிட்டதால் மாற்றுச் சோதனையை அவசரமாக ஏற்பாடு செய்யச் சொல்லியிருக்கிறேன். உங்கப்பாவுக்கும் ஒரு நகல் போகும். நீ ஒன்றும் தெரியாதது போல இரு.

ஒரு விஷயம் மட்டும். இரண்டாவது எண் பெரிதாக வரும் என்று நினைத்துக்கொண்டிருக்காதே.

அத்தை


ஜூலை 3

அத்தைக்கு,

அலுவலகக் கடிதம் போன வாரமே வந்தது. அப்பா நின்றபடியே படித்தார். பிறகு உட்கார்ந்து படித்தார். “அவளே எழுதிக் குடுத்தாளா?” என்று அம்மாவிடம் கேட்டார். கொஞ்ச நேரம் கழித்து அதையே மறுபடி கேட்டார். நான் ரேடியோவைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அவர் அதைத் தொடவில்லை.

திங்கட்கிழமை சோதனை நடந்தது. அப்பாவுக்கு டியூட்டி, அம்மாவுக்கு லீவு கிடைக்கவில்லை, நான்தான் கூட்டிக்கொண்டு போனேன். உங்கள் அலுவலகத்துக்கு எவ்வளவு நீளமான தாழ்வாரம். சுவரோரம் வரிசையாகப் பிள்ளைகள் உட்கார்ந்திருந்தார்கள். சோதித்தவருக்குச் சளி. மூக்கைத் துடைத்துக்கொண்டே, “பாப்பாவப் பத்தி நான் தெரிஞ்சுக்க வேண்டியது எதாவது இருக்கா?” என்று கேட்டார். அந்த வாக்கியத்தைச் சொன்னேன். எங்கள் வீட்டில் அதற்கு என்ன அர்த்தம் என்றும் சொன்னேன். அவர் என்னையே பார்த்தார். அப்புறம் குனிந்து சுண்டுவிடம், “நான் இன்னொரு தடவ சொல்லுன்னு சொன்னா, எனக்குச் சரியாக் கேக்கலன்னு அர்த்தம். சளியில காது அடைச்சிருக்கு. திட்டுறேன்னு நெனச்சுக்காத, சத்தமாச் சொல்லு. சரியா?” என்றார். சுண்டு யோசித்துவிட்டு, “மூக்குதானே ஒழுகுது?” என்றாள். கதவு மூடிவிட்டது. உள்ளே அவள் குரல் கேட்டுக்கொண்டே இருந்தது. ஒன்றேகால் மணி நேரம்.

இன்று எண் வந்துவிட்டது. எழுபத்தொன்பது.

இவ்வளவு பண்ணியதற்கு எட்டுதான் கூடியிருக்கிறது. தலைமை ஆசிரியை அப்பாவைக் கூப்பிட்டு, கோட்டுக்கு மேலேதான், ஆனால் கோட்டின் ஓரம், இந்த மாதிரிப் பிள்ளைகளைப் பெற்றோர் விருப்பப்படி விட்டுவிடுவோம் என்றாராம். இங்கே இருந்தால் பின்தங்கலாம், அங்கே தனிக் கவனிப்பு கிடைக்கும், யோசித்துச் சொல்லுங்கள் என்றாராம். படிவம் மறுபடி கடிகாரத்துக்கு அடியில் போய்விட்டது. அப்பா அம்மாவிடம், “வண்டி லேட்டுன்னா லேட்டுதான். எட்டு நிமிஷம் முன்ன வந்தா மட்டும் சரியான நேரம் ஆயிடுமா?” என்றார். அம்மா துணி மடித்துக்கொண்டிருந்தாள்.

சுண்டுவுக்கு எல்லாம் தெரிந்துவிட்டது. நேற்று இரவு இதை எழுத உட்கார்ந்தபோது கண் விழித்து, “யாருக்கு எழுதுற?” என்றாள். சொன்னேன். யாரிடமும் சொல்லாதே என்றேன். அவள் பொய் சொல்ல மாட்டாள், அதுதான் எனக்குப் பயம்.

உங்களுக்கு என்ன ஆயிற்று? எழுதவே இல்லையே.

கொக்கு


ஜூலை 6

கொக்குக்கு,

எனக்கு ஒன்றும் ஆகவில்லை. விசாரணை முடியும் வரை வேலைக்கு வர வேண்டாம் என்றிருக்கிறார்கள். பெட்டியையும் ஸ்டாப் வாட்சையும் ஒப்படைத்துக் கையெழுத்து வாங்கிக்கொண்டேன். கட்டைகளில் ஒன்று குறைகிறது என்றார்கள். பதினேழு வருடமாகக் குறைகிறது.

மூன்று நாளாகத் தூங்குகிறேன். இவ்வளவு தூக்கம் எங்கே இருந்தது என்று தெரியவில்லை.

எழுபத்தொன்பது சரியான எண்ணாக இருக்கலாம். பள்ளிப்பாடம் அவளுக்குக் கொஞ்சம் கஷ்டமாகத்தான் இருக்கும். அதை உன்னிடம் மறைக்க மாட்டேன். எங்கே இருந்தாலும் அவளுக்கு உதவி வேண்டும். ஆனால் இருக்கும் இடத்தை எண் தீர்மானிக்காது. அது உங்கப்பா கையில் இருக்கிறது. அவரிடம் நான் சொன்னால் எடுபடாது. நீ சொன்னால் அடிப்பார். எனக்குச் சேர்த்துவைத்த அறிவும் தீர்ந்துவிட்டது, கொக்கு. இதற்கு மேல் என்ன செய்வது என்று தெரியவில்லை.

அத்தை


ஜூலை 10

அத்தைக்கு,

இன்றுதான் கடைசித் தேதி. அப்பா வேலையிலிருந்து வரும்போதே சட்டைப்பையில் புதுப் பேனா இருந்தது. படிக்கட்டில் வரும்போதே சுண்டு, “களைப்பா வர்றாங்க” என்றாள். வந்ததும் அவர் படிவத்தை எடுத்துத் தட்டுக்குப் பக்கத்தில் வைத்துக்கொண்டார். சாப்பிட்டுவிட்டுப் போடலாம் என்று நினைத்திருப்பார். மேசை ஆடிக்கொண்டிருந்தது.

சுண்டு சொன்னாள், “அப்பா, நான் அந்த ஸ்கூலுக்குப் போகல.”

நான் காலை மிதிக்கத் தேடினேன். அவள் காலை மடித்து உட்கார்ந்திருந்தாள்.

அப்பா தலையைத் தூக்கவில்லை. “எங்க, இன்னொரு தடவ சொல்லு பாப்போம்.”

அம்மா எழுந்து நின்றுவிட்டாள். சுண்டு அவரைக் கொஞ்ச நேரம் பார்த்தாள். பிறகு நாற்காலியில் முட்டி போட்டு நின்று, அவர் காதுக்குப் பக்கத்தில் வந்து, ஒவ்வொரு சொல்லாக நிறுத்திச் சத்தமாகச் சொன்னாள்.

“நான், அந்த, ஸ்கூலுக்கு, போகல. அக்கா கூடத்தான் இருப்பேன். இப்ப கேட்டுச்சா?”

அவளுக்கு அது உண்மையிலேயே கேள்விதான், அத்தை. அவருக்குச் சளி பிடித்திருக்கிறது என்று நினைத்தாள்.

அப்பா கை தட்டில் அப்படியே நின்றது. அவர் கதவுப் பக்கம் திரும்பிப் பார்த்தார். எங்கள் கதவுக்குப் பின்னால் ஒன்றும் தொங்கவில்லை, அம்மாவின் சலவைப் பைதான் தொங்குகிறது. அதையே பார்த்துக்கொண்டிருந்தார். எதைப் பார்க்கிறார் என்று அம்மாவுக்குப் புரியவில்லை. எனக்கு உங்கள் கடிதத்தால் புரிந்தது.

பிறகு, “கேட்டுச்சு” என்றார்.

கையெழுத்துப் போடவில்லை. படிவத்தைக் கிழிக்கவும் இல்லை. கை கழுவிவிட்டு வந்து அதை இரண்டாக மடித்தார், நான்காக மடித்தார், எட்டாக மடித்தார். குனிந்து சன்னல் பக்கத்து மேசைக் காலின் அடியில் செருகினார். மேசையை அழுத்திப் பார்த்தார். அப்புறம் யாரையும் பார்க்காமல், “அத்தைக்கு வேல போயிடுச்சாமே” என்றார். சுண்டு உடனே, “தெரியும், அக்காதான் சொன்னா” என்றாள். நான் செத்தேன் என்று நினைத்தேன். அவர் என்னைப் பார்த்தார். “டிப்போ தாள்ல எழுதாத. கணக்குக் கேப்பாங்க” என்றார். போய்ப் படுத்துவிட்டார்.

நாளைக்கு மனசு மாறி அதை உருவி எடுப்பாரோ என்று எனக்கு இன்னும் பயமாகத்தான் இருக்கிறது. இரண்டு தடவை குனிந்து பார்த்துவிட்டேன். அங்கேயே இருக்கிறது.

இது நோட்டுத் தாள். விளக்கைப் போட்டுக்கொண்டுதான் எழுதுகிறேன். மேசை ஆடவில்லை. பாருங்கள், வரியெல்லாம் நேராக வந்திருக்கிறது.

கொக்கு